பேச்சு மட்டும் கேட்டால் போதும்

என் கணவர் இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். வீட்டில் நானும் மாமாவும்தான் இருந்தோம். மாமா என்றால் என் மாமனார். கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. கத்திக் கூப்பிட்டாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்குக் கேட்காது. அதனால் எங்கள் டிவி எவ்வளவு சத்தமாக ஓடினாலும் யாரும் வந்து கேட்டதில்லை.

மாமா எழுந்ததும் டிவியைப் போட்டுவிடுவார். முதலில் மலையாளச் செய்தி, பிறகு தமிழ்ச் செய்தி, அப்புறம் எது வருகிறதோ அது. சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைப்பார். "பேசறது ஒண்ணுமே வெளங்க மாட்டீங்குது" என்பார். ஏற்றினாலும் விளங்காது. சத்தம்தான் பெரிதாகும், சொல் குழைந்தே கிடக்கும். அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். எனக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை. அந்த மாதங்களில் எதுவுமே தொந்தரவாகத் தெரியவில்லை. பால் பொங்கி வழிந்தால் நின்று பார்ப்பேன், பிறகு துடைப்பேன். மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணி நனையும். மறுநாள் வெயிலில் அதுவாகக் காயும்.

அம்மாதான் ஆரம்பித்து வைத்தாள். உடுமலையிலிருந்து போன் செய்தவளுக்கு நான் பேசியது கேட்கவில்லை.

"என்ன கண்ணு, அங்க கல்யாண ஊடாட்ட சத்தம்?" என்றாள். கல்யாண வீடு என்று சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்து, அவளே அழுதாள். அழுது முடித்து, "உன்ற மாமனுக்குக் காது போச்சா, டிவிக்குக் கோளாறான்னு முதல்ல பாரு. ஒரு ஸ்பீக்கராச்சும் வாங்கிப் போடு" என்றாள்.

மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. தோப்பில் மட்டை விழுந்தால் எந்த மரம் என்று சொல்லிவிடுவார். செல்போன் டார்ச்சை அடித்து டிவியின் பின்பக்கம் பார்த்தேன். டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தது. சத்தம் வரும் ஓட்டைகள் எல்லாம் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருந்தன. பேசுகிறவன் சுவரைப் பார்த்துப் பேசினால் நமக்கு எப்படி விளங்கும்? வயர் செருகும் இடங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போனோம். என் கணவர் போன பிறகு நான் சேலை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் மாமா ஒரு ஜன்னலோரம், நான் ஒரு ஜன்னலோரம்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு பெரிய பெட்டியும் சேர்ந்த செட்டைக் காட்டினார். ஒரு பாட்டைப் போட்டார். அதன் அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறியது.

"ஊடே அதிருமுங்க" என்றார் பெருமையாக.

"இப்பவே அதிர்ந்துட்டுத்தானுங்க இருக்குது" என்றார் மாமா. "நெஞ்சுல இடிக்குது. பாடறவன் என்ன பாடறான்னு தெரியலியே."

அடுத்து இரண்டு சின்னப் பெட்டிகள். அதற்கும் பாட்டுதான். பிறகு ஒரு சண்டைக் காட்சி. கண்ணாடி உடைந்தது, கார் வெடித்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்லதா கெட்டதா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அங்கே நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

"ஏனுங்க, யாராச்சும் சும்மா பேசறதைப் போடுங்க" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது நான்தான்.

கடைக்காரர் முழ நீளத்தில் ஒரு சவுண்ட்பாரை எடுத்து மாட்டினார். "இதுல நடுவுல இருக்கற ஸ்பீக்கர் பேச்சுக்குன்னே இருக்குதுங்க" என்று செய்தியை வைத்தார். நான் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். இன்னும் குறைக்கச் சொன்னேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"கொப்பரை வெல எறங்கிப்போச்சுங்கறான்" என்றார்.

நான் போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். எங்கள் டிவியில் இதற்குச் சேரும் துளை இருக்கிறது என்று கடைக்காரர் விரலை வைத்துக் காட்டினார். பெட்டியைக் கட்டிக்கொண்டே, "உங்க ஊட்டுக்காரர் மாட்டிக்குவாருங்களா, இல்ல ஆள் அனுப்பட்டுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை.

"நாங்களே மாட்டிக்குவோமுங்க" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். டிவிக்குக் கீழே மேசையில் வைத்தோம். முதலில் உயரமாக வைத்ததில் ரிமோட் வேலை செய்யாமல் போயிற்று. டிவியில் ரிமோட்டுக்கு இருக்கும் கண்ணை மறைத்திருக்கிறது. கீழே இறக்கினோம். வயரைச் செருகியும் சத்தம் வரவில்லை. மாமா ஒவ்வொரு வயராக அழுத்திப் பார்த்தார். நான் ரிமோட்டை எடுத்து டிவியின் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடியபோது, சத்தம் எதன் வழியாக வர வேண்டும் என்று கேட்கும் இடம் ஒன்று இருந்தது. அதை மாற்றியதும் ஒரு பெண் எங்கள் அறையில் நின்று பேசுவதுபோலப் பேசினாள். மாமா சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. டம்ளர்கள் சும்மா இருந்தன. கிணற்றடி மோட்டார் ஓடுவது கேட்டது.

இரண்டொரு நாள் கழித்து ஒரு மத்தியானம், அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். செய்தி வாசிக்கும் குரலுக்கு நடுவே வேறொரு சத்தம் வந்தது. வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஸ்பீக்கரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

மாமா துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கண் டிவியில்தான் இருந்தது.

இத்தனை மாதமும் அந்தப் பெரிய சத்தத்துக்கு அடியில் இது நடந்துகொண்டிருந்ததா, அன்றைக்குத்தானா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவர் மகன் எனக்குக் கணவர். அது ஒரே ஆள்தான் என்பதுகூட அப்போதுதான் மனதில் பட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு முறத்தையும் கத்தியையும் எடுத்துவந்து அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்து நறுக்கினேன்.

மாமா என்னைப் பார்த்தார். எழுந்து போகவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இடுக்கிப் பக்கம் நல்ல மழையாமா" என்றார்.

"ஆமாங் மாமா. கேட்டுச்சு."

"நாளைக்குத் தேங்கா போட ஆளுங்க வருது. வெடியறப்பவே வந்துருவாங்க."

"செரிங்க மாமா" என்றேன்.