கேமராவுக்கு வைத்த பொட்டு

எங்கள் யூனிட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காமல் எதையும் விடமாட்டோம். மண் அரைக்கும் மில், அச்சு, சூளைக் கதவு, தண்ணி மோட்டார், முதலாளியின் பைக், டீ வாங்கப் போகும் தூக்குவாளி வரைக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. போன வருடம் புதிதாக வந்திருந்த வருகை மெஷினுக்கும் வைத்தோம். முகத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லி நன்றி என்று பேசும் மெஷின் அது. மில் ஓட்டும் அண்ணன் அதற்கு நெற்றி எது என்று தேடி, மேலே வட்டமாகத் தெரிந்த இடத்தில் அழுத்தமாக ஒன்று வைத்தார். அதுதான் அதன் கண் என்று அவருக்கு யார் சொன்னது?

அந்தப் பொட்டு அப்படியே இருந்திருந்தால் என் தங்கச்சி இன்றைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பாள்.

விருத்தாசலத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த வேலைதான். வீட்டுக் கரண்ட் பெட்டியில் செருகும் பீங்கான் பியூஸ் கேரியர் செய்கிறோம். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்ததை ஓரத்துப் பிசிறு போகத் தேய்க்க வேண்டும். தூசி மாவு போலப் பறந்து புருவம்வரை வெளுத்துவிடும். பல வருடமாக அங்கே இருப்பதால் என்னைச் சூப்பர்வைசர் என்பார்கள். வருகை நோட்டு என் கையில் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு, மறைப்பானேன்.

தங்கச்சியைச் சேத்தியாத்தோப்புப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். அவன் அடிப்பான். ஊர்ப் பெரியவர்கள் பேசி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை அவள் கழுத்தில் விரல் தடத்தோடு வந்தபோது நான் யாரிடமும் பேசவில்லை. தூரத்தில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அவன் என் வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தான், யூனிட்டுக்கும் வந்து பார்த்தான். திருப்பூருக்குப் போய்விட்டதாக நான் சொன்ன பொய்யை நம்பிக் கடைசியில் ஓய்ந்தான். நாலு மாதம் கழித்து அவளை இங்கே அழைத்துவந்து, கூட வேலை செய்யும் ஒரு அக்கா வீட்டில் தங்கவைத்து, வேலைக்கும் சேர்த்துவிட்டேன்.

அவள் சாயங்காலம் முகம் கழுவாமல் போவாள். மற்றப் பெண்கள் எல்லாம் குழாயடியில் நின்று கழுவி, பவுடர் போட்டு, பூ வைத்துக் கிளம்பும்போது இவள் மட்டும் வெள்ளைத் தூசியோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக நடப்பாள்.

"பேயி மாரி போறியேடி, மூஞ்சிய கழுவினா தேஞ்சா போயிடும்?" என்று கத்துவேன்.

"பாலக்கரையிலேர்ந்து கடைவீதி வரைக்கும் கேமரா இருக்குதுக்கா. மூஞ்ச வச்சே ஆளக் கண்டுபுடிக்கிற ஏஐ கேமராவாம், பஸ்ஸுல பேசிக்கினாங்க."

"ஆமா, ஒன்னத் தேடத்தான் வச்சிருக்காங்க. பெரிய மகாராணி."

அப்படித்தான் கிண்டல் செய்தேன். 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்று கம்பத்துக்குக் கம்பம் பலகை தொங்குவதைப் பார்த்து எனக்குத் தைரியமாகக்கூட இருந்தது. செயின் அறுப்பவன்தான் பயப்பட வேண்டும், நமக்கென்ன என்று நினைத்தேன்.

மெஷின் வந்தபோது எல்லோரும் முகத்தைப் பதிந்தார்கள். இவள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நோட்டிலேயே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். விட்டேன். இரண்டு மாதத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. சூப்பர்வைசர் தங்கச்சி என்றால் தனிச் சட்டமா என்று என் காதுபடவே கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்குச் சுருக்கென்றது.

விஜயதசமி கழிந்து வேலை தொடங்கிய அன்று மெஷின் யாரையும் அடையாளம் சொல்லவில்லை. வரிசை வாசல்வரை நின்றது. முதலாளி போனில் சத்தம் போட்டார். நான்தான் முந்தானையை நனைத்து, காய்ந்த பொட்டைச் சுரண்டித் துடைத்தேன். தெரிகிறதா என்று பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது. கூடவே ஊர் வாயையும் அடைத்துவிடலாம் என்று தோன்றியது.

"நீ வா இங்க. இன்னையோட அந்த நோட்டு கத முடியட்டும்."

"வேணாங்க்கா."

"எல்லாம் பாக்குறாங்க. மானத்த வாங்காத, வந்து நில்லு."

வந்தாள். காலையில் வரும்போதும் முகத்தில் தூசியைப் பூசிக்கொண்டுதான் வருவாள், அதனால் மெஷின் ஏற்கவில்லை. அதே முந்தானையால் அவள் முகத்தையும் துடைத்து, தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன். மெஷின் நன்றி என்றது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்துவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன்.

ஒன்பதாம் நாள் அவன் கேட்டுக்கு வெளியே நின்றான். அவள் இங்கே இல்லை என்றேன். அவன் சண்டை போடவில்லை. போனை நீட்டினான்.

"அப்ப இது யாரு அண்ணி?"

திரையில் அவள் முகம் இருந்தது. தாடைக்குக் கீழே இரண்டு விரல்கள். என் விரல்கள்.

கடைவீதி கேமராவும் எங்கள் மெஷினும் கேமரா விற்கும் ஒரே கடைக்காரர் மாட்டியவை, முகங்களெல்லாம் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பெண்டாட்டியைக் காணோம் என்று கல்யாணப் போட்டோவோடு அவரிடம் போய் இவன் அழுதிருக்கிறான். அவரும் புண்ணியமாகப் போகட்டும் என்று தேடிக் கொடுத்ததோடு, இனி அந்த முகம் எந்தக் கேமராவில் தெரிந்தாலும் அவன் போனுக்குத் தகவல் போகும்படியும் செய்து கொடுத்திருக்கிறார். நான் போய்க் கத்தியபோது மனிதர் உண்மையிலேயே விழித்தார்.

"குடும்பத்த சேத்து வைக்கிறோம்னுதாம்மா நெனச்சேன். அந்த ஆளு அப்பிடி அழுதாரும்மா."

அழித்துவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அழிப்பது தன் கையில் இல்லை, எல்லாம் கம்பெனியில் இருக்கிறது என்றார். ஸ்டேஷனில் மனு வாங்கிக்கொண்டு அவனையும் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். பெண்டாட்டியோடு வாழ ஆசைப்படுகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான். அதற்கு மேல் யார் என்ன செய்வார்கள்?

அதெல்லாம் பிறகு நடந்தது. அவன் கேட்டில் போனை நீட்டியதுமே நான் உள்ளே ஓடினேன். அவள் அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள். தொட்டியில் கைவிட்டு மண்குழம்பை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டாள். சூளைக்குப் பின்னால் மதிலில் ஒரு இடிசல் உண்டு. அதுவரை கூடவே போனேன்.

"எங்கடி போவ?"

"ஒங்கிட்ட சொல்ல மாட்டேன்க்கா. நீ பாக்க வருவ. ஒம் மூஞ்சியும் அதுல இருக்குது, ஒம் பின்னாடியே வந்துருவான்."

என்னைத் திட்டவில்லை. துடைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு போன் இல்லை, கடிதம் இல்லை. எந்த ஊரில் எந்தக் கம்பத்துக்கு அடியில் துண்டைச் சுற்றிக்கொண்டு போகிறாளோ.

ஒருநாள் காலையில் மெஷின் முன்னால் நின்றேன். அது அவள் பெயரைச் சொல்லி நன்றி என்றது. எங்கள் இருவருக்கும் அம்மாவின் முகம், சின்ன வயதிலிருந்தே ஆள் மாற்றிக் கூப்பிடுவார்கள். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவன் மூச்சுவாங்க வந்து நின்று, கூட்டத்தைத் துழாவி, என்னைப் பார்த்ததும் கெட்ட வார்த்தையில் திட்டினான். கேமராவும் என்னை அவளென்றே அவனுக்குச் சொல்லியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் முதல் ஆளாகக் குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டு முகம் கழுவி, நரை தெரியாமல் மை பூசி, தங்கச்சி மாதிரியே நடு வகிடு எடுத்தேன். பாலக்கரையில் நின்று பலகையைப் படிப்பதுபோல் கேமராவை நிமிர்ந்து பார்ப்பேன். கடைவீதியில் பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்பேன். எல்லா நாளும் கேமரா ஏமாந்துவிடாது. ஏமாறும் நாளில் அவன் போனில் அவள் பெயர் அடிக்கும். நானாகத்தான் இருக்கும் என்று தெரிந்தாலும் அவனால் வராமல் இருக்க முடியாது. அவன் இங்கே அலைகிற நேரம் அவளைத் தேடாத நேரம். கிறுக்கி என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று இருந்தேனோ, அந்த முகத்தைத் தினமும் கூட்டத்தில் தேடுகிறேன். டீக்கடை ஓரமாக அவன் சட்டை தெரிந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது. இந்த வாரம் திங்கட்கிழமை வந்தான். செவ்வாய்க்கிழமை நான் இருட்டும்வரை நின்றேன், வரவில்லை. நேற்றும் வரவில்லை.