ஜாதகம் பார்த்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என் படிப்புக்காக வாங்கப்பட்டது. அப்பா எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார். ஆனால் சிதம்பரத்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அது ஜாதகம் பார்க்கத் தொடங்கிவிட்டது.

அப்பாவுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்த யாரோ ஒரு சிடியைக் கொடுத்துவிட்டார். பெண், பையன் பெயரையும் அவர்கள் பிறந்த நாள், நேரம், ஊரையும் தட்டினால் போதும், பொருத்தங்களை வரிசையாகச் சொல்லிவிடும். பொருந்தினால் பச்சை எழுத்து, இல்லையென்றால் சிவப்பு. சில மாதங்களுக்கு இலவசம், அப்புறம் காசு கட்ட வேண்டும். தெருவில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். பெருமை தாங்காது மனிதருக்கு.

அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். என் அத்தை. ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பது தாண்டியும் கல்யாணம் அமையவில்லை. அதற்கு முன்பெல்லாம் மேலவீதியில் இருந்த ஜோசியரிடம்தான் அப்பா போவார். அவர் உதட்டைப் பிதுக்கிக் கட்டங்களைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பார். கடைசியில், "வைத்தீஸ்வரன் கோயிலுக்கு ஒரு தடவ போயிட்டு வந்துடுங்க, சரியாப் போயிடும்" என்று வழிவிட்டுவிடுவார். அவர் வழிவிட்ட வரன்கள் எல்லாம் நகைப் பேச்சில் உடைந்துபோயின. கம்ப்யூட்டர் வந்த பிறகு நகைப் பேச்சு வரைக்கும்கூடப் போகவில்லை. அதற்குக் கோயிலும் தெரியாது, பரிகாரமும் தெரியாது.

அப்போதுதான் சேத்தியாத்தோப்புக்காரரின் ஜாதகம் வந்தது. அத்தையின் பள்ளியில் இருந்த தமிழ் டீச்சருக்குத் தம்பி. சொந்தமாக உரக்கடை வைத்திருந்தார். சரக்கெடுக்கச் சிதம்பரம் வரும்போதெல்லாம் அக்காவைப் பார்க்கப் பள்ளிக்கூட வாசலுக்கு வருவார். போகப் போக அந்தச் சரக்கெடுப்பு ஜாஸ்தியானது. கடைசியில் தமிழ் டீச்சரே ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "நகை எல்லாம் உங்க இஷ்டம்ங்க, எங்களுக்குப் பொண்ணுதான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தைக்கும் அவரைப் பிடித்திருந்தது என்பதை நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு அன்று பொருத்தம் போட்டுப் பார்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, அந்த ஜாதக ப்ரோகிராம கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துட முடியுமா?"

"ஏன் அத்தை?"

"அதுல வைரஸ் இருக்குதாம். ஸ்கூல்ல பேசிக்கிட்டாங்க."

ஏழாம் வகுப்பில் எனக்குக் கம்ப்யூட்டரில் நல்ல மார்க். திரையில் இருந்த சின்னப் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, முடிந்தது என்றேன். கணக்கு டீச்சரிடம் அது நடக்குமா?

"இது வாசல்ல மாட்டுன போர்டுடி. போர்ட கழட்டுனா கடை போயிடுமா?"

அப்புறம் ப்ரோகிராம்களை நீக்குகிற இடத்தைத் தேடிப் பிடித்தோம். நிச்சயமாக முழுவதும் நீக்க வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. அத்தை அதை வாய்விட்டுப் படித்தாள். என் கையை நகர்த்திவிட்டு அவளே அழுத்தினாள். நீலப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து போனது. கரண்ட் போகிற நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் கிடந்த ஃபோல்டரையும் தேடி அழித்துக் குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன்.

"முழுசாப் போயிடுச்சாடி?"

"முழுசாப் போயிடுச்சு அத்தை."

அன்று சாயங்காலம் அத்தை பாடிக்கொண்டே துணி மடித்தாள். அவள் அவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்றே எனக்குத் தெரியாது.

மறுநாள் அப்பா கம்ப்யூட்டரில் துழாவிவிட்டு, "என்ன, காணுமே" என்றார்.

"வைரஸ் வந்துருக்கும்ணே. பேசாம மேலவீதி ஜோசியர்கிட்டயே காட்டிடுங்களேன்" என்று சமையலறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

அப்பா பீரோவிலிருந்து சிடியை எடுத்துவந்து மறுபடி போட்டார். இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இலவசமாகப் பயன்படுத்தியாகிவிட்டது, இனிமேல் பணம் கட்டினால்தான் திறப்பேன் என்று அது சொல்லிவிட்டது. அப்பா சலிப்போடு சட்டையை மாட்டிக்கொண்டார். ஜோசியர் வீட்டுக்குக் கிளம்பத்தான். அத்தை கரண்டியோடு வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தவர். கடலூரிலிருந்து மீன் வாங்கிவந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மீன் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"இத யாரு எடுத்தது? முழுசா எடுக்கல மாமா. உள்ள ஒரு மூலையில தன் பேர குறிச்சி வெச்சிட்டுப் போயிருக்கு. அதையும் எடுத்துட்டா புதுசுன்னு நெனச்சிக்கும்" என்றார் அப்பாவிடம்.

நான் பார்த்தேயிராத ஓர் இடத்தைத் திறந்தார். மஞ்சள் மஞ்சளாக ஃபோல்டர்கள். பெயரைக் கொடுத்துத் தேடித் தேடி ஒவ்வொன்றாக அழித்தார். நிறுத்தி மறுபடி போட்டு, சிடியைச் செருகினார். அது புத்தம் புதிதாக, எதுவுமே நடக்காதது போலத் திறந்துகொண்டது. நான் கைதட்டினேன். அப்பா, "மச்சான், கெட்டிக்காரன்யா நீ" என்று முதுகில் தட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

முதலில் பச்சையாகத்தான் வந்துகொண்டிருந்தது. தாலி நிலைக்குமா என்று பார்க்கிற ரஜ்ஜுப் பொருத்தம் மட்டும் சிவப்பு. அது இல்லையென்றால் மற்றது எத்தனை இருந்தும் அப்பாவுக்குப் பிரயோஜனமில்லை.

"ஜோசியர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்ணே."

"அவரு நம்ம மூஞ்சியப் பாத்து சொல்லுவாரும்மா. இது அப்படியா? உள்ளத சொல்லுது" என்றார் அப்பா. அவருக்கும் வருத்தம்தான். தங்கை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு பயந்தார்.

அத்தை தலைவலி என்று சாப்பிடவில்லை. மீன் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றாள் அம்மா. நான் மாமாவிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொள்கிற மும்முரத்தில் இருந்தேன்.

தை மாதம் சேத்தியாத்தோப்புக்காரருக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. மற்ற டீச்சர்களோடு வேனில் போய் அத்தையும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கல்யாணம் அமையவே இல்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் பஸ் தாமதமாகியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அத்தையைச் சந்தோஷப்படுத்தலாம் என்று போனேன்.

"அத்தை, இப்ப எனக்கு நெஜமாவே முழுசா எடுக்கத் தெரியும். எடுத்துடவா?"

அத்தை திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து நிமிர்ந்தாள்.

"அண்ணன் அதுல போட்டுப் பாத்தாரே, அவரு பேரு? அதுவும் போயிடுமா?"

"எல்லாம் போயிடும் அத்தை. ஒரு எழுத்துகூட இருக்காது. உங்க பேரும் போயிடும்."

"ரெண்டும் ஒண்ணாதான் இருக்குதா?"

"பக்கத்துப் பக்கத்துல இருக்கு."

"அப்ப வேணாம் பாப்பா. இருந்துட்டுப் போவட்டும்."

எடு எடு என்று அன்றைக்குப் பிடுங்கி எடுத்தவள், நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டு வந்து நின்றால் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.