ஸ்டெல்லா மிஸ்ஸின் மாத்திரையும் என் டயட் சார்ட்டும்

டயட்டீஷியன் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: உடம்பு தேறினால் நம் சார்ட்டால் தேறியது, தேறாவிட்டால் அவர்கள் திருட்டுத்தனமாக எதையோ தின்றிருக்கிறார்கள். யாருக்காவது ‘இதைச் சாப்பிடு, அதை விடு’ என்று புத்தி சொல்லிவிட்டு, அப்புறம் அவர்கள் முகத்தில் முழிக்க முடியாமல் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. உங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுப்புப் பிரசங்கம்

மயிலாப்பூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் என் கிளினிக். ஒரு எடை மெஷின், நாலு நாற்காலி, வாசல் மேஜையில் மல்லிகா. வருகிறவர்களில் பாதிப் பேர் இளைக்க வருகிறவர்கள். மீதிப் பேருக்கு மூட்டு வீக்கம், தோல் வியாதி, குடல் புண். டாக்டரிடம் மருந்து வாங்கிக்கொண்டே ‘சாப்பாட்டுலயும் ஏதாவது பண்ணலாமா?’ என்று கேட்டு வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு பிரசங்கம் வைத்திருந்தேன்.

“நம்ம செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு குட்டி அடுப்பு இருக்கு. சாப்பாட்டை எரிச்சு சக்தியாக்குறது அதுதான். கண்டதையும் கண்ட நேரத்துல திணிச்சா அடுப்பு புகையும். புகையைப் பாத்து நம்ம எதிர்ப்பு சக்தி, எங்கயோ தீப்பிடிச்சிருச்சுன்னு ஓடி வந்து சொந்த மூட்டையும் சொந்தத் தோலையும் போட்டு அடிக்கும்.” விஷயம் இல்லாமல் இல்லை. சாப்பாடு, அந்த அடுப்பு, எதிர்ப்பு சக்தி மூன்றுக்கும் உறவு உண்டு. எவ்வளவு உறவு, யாருக்கு எவ்வளவு என்று கேட்டால் ஆராய்ச்சி செய்கிறவர்களே நிதானமாகத்தான் பேசுவார்கள். எனக்கு ஏது நிதானம்? “அடுப்பைச் சரி பண்ணிட்டா தீயணைப்பு வண்டி எதுக்கு?” என்று முடித்துவிட்டு, கைதட்டல் வருமா என்று பார்ப்பேன்.

ராயப்பேட்டை ஆட்டோக்காரர் கன்னியப்பனுக்கு முழங்கையெல்லாம் செதில் செதிலாக சோரியாசிஸ். பிரசங்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அல்லாம் சர்தான் மேடம், புகை புகைன்றியே, அது நான் இஸ்துக்கினு கீற பீடிப் புகையா, இன்னா?”

காலிக் கட்டம்

ஸ்டெல்லா மிஸ் சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் குனிந்து, அவர்கள் கைமேல் தன் கையை வைத்து ‘அ’ எழுத வைப்பவர். முடக்குவாதம் வந்து அந்தக் கைதான் வீங்கியது. ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம். அதுவரை இந்தக் கை ஓட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார்.

அவர் வந்தது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரம். “எப்படியும் நாப்பது நாள் ஒரு பொழுதுதான் மேடம், அதையே டயட்டா ஆக்கிக் குடுத்துருங்களேன்.” எனக்கு வாயெல்லாம் பல். காலை பதினோரு மணி வரை தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எழுத சார்ட்டில் ஒரு கட்டம் உண்டு. அது டாக்டர் சமாச்சாரம் என்று காலியாகவே விட்டுவிட்டேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கையை ஆட்டியும் மல்லிகா விடவில்லை. “மிஸ் இன்னும் படி இறங்கல மேடம், ஓடிப் போய் ஒரு வார்த்தை கேட்டு எழுதிடட்டுமா?”

வீடியோ

மூன்றாவது வாரம் ஸ்டெல்லா மிஸ் இரண்டு கிலோ குறைந்து, முகம் மலர வந்தார். “மூட்டு டாக்டர் குடுத்த மாத்திரையக்கூட விட்டுட்டேன் மேடம். சனிக்கிழமை தோறும் டிபனுக்கு அப்புறம் போடணும். போட்டா ரெண்டு நாள் வயித்தப் பிரட்டும். நீங்கதான் பதினோரு மணி வரைக்கும் எதுவும் கூடாதுன்னுட்டீங்களே, நோன்போட நோன்பா அதையும் நிறுத்திட்டேன். நல்லாத்தானே இருக்கேன்?”

அந்த மாதிரி மருந்தை நிறுத்தினாலும் கொஞ்ச வாரம் அதன் தயவில் உடம்பு ஓடும். இது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். ‘ஐயையோ, டாக்டரைக் கேக்காம விடாதீங்க மிஸ்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது. அதற்குள் என் சார்ட் மருந்தையே ஜெயித்துவிட்டது என்ற திமிர் முந்திக்கொண்டது. பல்லைக் காட்டிக்கொண்டு, ஒரு வீடியோ எடுத்துக்கலாமா என்று கேட்டேன். பாவம், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, போனுக்கு முன்னால் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். “மாத்திரை இல்லாமலே கை மடங்குது பாருங்க, எல்லாம் எங்க டயட் மேடம் புண்ணியம்.”

ஈஸ்டர் கேக்

ஈஸ்டர் முடிந்த வாரம் கேக் கொண்டுவந்தார். பை முழங்கையில் தொங்கியது. விரலால் பிடிக்க முடியவில்லை. கணுக்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி புடைத்திருந்தன. ரவிக்கைக் கொக்கி மாட்டவும், தலை சீவவும் வீட்டில் மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதாம். ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்துவிடுவார்களே என்றார்.

என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். “பெரிய வெள்ளிக்கிழமை கோயில்ல கஞ்சி ஊத்துனாங்க, ஆசைப்பட்டு இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டேன் மேடம், அதனாலதான் இப்படி ஆயிருச்சோ?”

டாக்டர் முன்னால்

கீழே நின்றிருந்த கன்னியப்பன் ஆட்டோவிலேயே அவரை அடையாறில் இருக்கும் அவருடைய மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரையை விட்டதையும், அதை என்னிடம் வந்து சொன்னதையும் மிஸ் வழியெல்லாம் கன்னியப்பனிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். மாத்திரையை மறுபடி தொடங்கினால் வீக்கம் வடியும், ஆனால் வலது ஆள்காட்டி விரல் பழையபடி நிமிர்வது சந்தேகம் என்றார். யார் பேச்சைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று அதட்டினார். பக்கத்து நாற்காலியில் நான். ‘தெரிஞ்சவங்க’ என்று சொல்லி உட்கார்ந்திருந்தேன். நானாகத்தான் நிறுத்தினேன், யாரும் சொல்லவில்லை என்றார் மிஸ். அந்தத் தரை பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். வெளியே வந்து, ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். “உங்க பேரைச் சொன்னா உங்க பொழப்பு என்னாகும் மேடம்? எனக்கு ஒரு விரல்தானே.”

கன்னியப்பன் கேள்வி

மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வீடியோவை அழித்தேன். சார்ட்டில் மருந்துக் கட்டம் இப்போது முதல் வரி, அதை நிரப்பாமல் மல்லிகா யாரையும் உள்ளே விடுவதில்லை. ஸ்டெல்லா மிஸ் ஜூனில் வேலைக்குப் போனார். பிள்ளைகளின் கையை இடது கையால் பிடித்து எழுதப் பழக்குகிறார். எழுத்து கோணலாக வருகிறதாம். இன்னும் என்னிடம்தான் வருகிறார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் கன்னியப்பன் வந்தார். தோல் எவ்வளவோ தேவலையாம், தோல் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறாராம். “வேணாம், டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க!” என்று நான் போட்ட கூச்சலில் மல்லிகா எழுந்து ஓடி வந்தாள். கன்னியப்பன் அசையவே இல்லை, என்னையே பார்த்தார். “எனக்கு இம்மாங் கத்து கத்துறியேம்மா, அந்த டீச்சரம்மா சொன்னப்போ இன்னா பண்ணிக்கினு இருந்தே?”

எதையெதை விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பட்டியல் போட்டுப் பிழைக்கிற நான், ‘அதை விடாதீங்க’ என்று வாய் திறந்திருக்க வேண்டிய ஒரே நாளில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.