முளை மிஷின் அழகுமுத்து

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேல் லயத்து வரிசை வீடுகளில் கலியாணம் என்றால் தாலி கட்டுவதற்கு முன்பே யாராவது ஒருவர் விரலில் துணி சுற்றிக்கொண்டு நிற்பார். எல்லாம் துரை விட்டுப்போன கூடாரத்தின் புண்ணியம்.

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் வெள்ளைக்காரத் துரை சீமைக்கு மூட்டை கட்டினார். பங்களாச் சாமான்கள் ஆளுக்கொன்றாகப் போயின. பழைய பட்டாளத்துக் கூடாரம் ஒன்றை மட்டும் யாரும் சீண்டவில்லை. லயத்துச் சனங்களே வைத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்தப் பெருந்தன்மையை மேட்டுக்குத் தூக்கி வருவதற்குள் லயத்து வாலிபர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

ஆனாலும் சனங்களுக்குச் சந்தோஷம்தான். அதுவரை கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குத் துணிகளைச் சேர்த்துத் தைத்துப் பந்தல் போட்டு, மழை ஒழுக ஒழுகக் கலியாணச் சோறு தின்றவர்கள் அவர்கள். இனி எந்த விசேஷமும் துரை கூடாரத்துக்குள்தான் என்று ஆயிற்று. சிக்கல் கூடாரத்தில் இல்லை, முளைகளில் இருந்தது. கயிறுகளை இழுத்துக் கட்ட ஒரு சாக்கு நிறைய இரும்பு முளைகள். மேல் லயத்து வாசலோ மேலே ஒரு சாண் மண், கீழே முழுக்கச் சல்லிக்கல். சம்மட்டியால் அடித்தால் முளை இறங்காது, விரல்தான் நசுங்கும். எப்படியோ இறக்கிவிட்டாலும் விசேஷம் முடிந்து பிடுங்கப் போனால் வராது. அப்படி விட்டுப்போன முளைகளில் இடறி விழாதவர் அந்த லயத்தில் இல்லை.

மற்றவர்கள் விழுந்தால் துரையைத் திட்டிவிட்டு எழுந்து போவார்கள். அழகுமுத்து மட்டும் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து முளையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ரோலர்களுக்கு எண்ணெய் விடுகிற வேலை அவனுக்கு. தகப்பன் இல்லை, தாய் பேச்சியம்மா மட்டும். கையால் செய்கிற காரியத்தைக் கண்டால் அவனுக்கு உடம்பு முழுக்க அரிப்பெடுக்கும். அதற்கு ஒரு மிஷின் செய்தாக வேண்டும். கூரைத் தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்ற, சக்கரம் சுற்றித் துருத்தி ஊத, அடுப்புத் தானாக எரிய ஒரு மிஷின் செய்தான். அது காற்றோடு தண்ணீரையும் சேர்த்து ஊதியது. "சாமி ஒனக்குக் கைய எதுக்குடா குடுத்துச்சு?" என்று பேச்சியம்மா அணைந்த அடுப்போடு மல்லுக்கு நின்றாள்.

ஆனால் முளை மிஷின் அப்படிப்பட்டதல்ல. அதைப் பார்த்து ஸ்டோரை நடத்துகிற டீமேக்கரே "பரவாயில்லையே" என்றார். ஆள் உயரத்துக்கு மூன்று இரும்புக் கால்கள், உச்சியில் ஒரு கப்பி. கப்பியில் ஓடும் கயிற்றின் நுனியில், உடைந்த ரோலர் அச்சிலிருந்து அறுத்தெடுத்த குண்டு. கயிற்றை இழுத்துவிட்டால் குண்டு நேரே முளையின் தலையில் விழும். பிடுங்க வேண்டுமென்றால் குண்டைக் கழற்றிவிட்டு, கிழட்டுத் தேயிலைச் செடிகளை வேரோடு கிளப்புகிற ஜாக்கியின் திருகாணியை மாட்ட வேண்டும். அதன் அடியில் ஒரு கவ்வி. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முளை சத்தமில்லாமல் மேலே வரும்.

முதன்முதலில் மிஷின் இறங்கியது பொன்னையா கங்காணியின் மூத்த மகள் நாகலெட்சுமியின் கலியாணத்துக்கு. கங்காணி அதே லயத்தில் கடைசிக் காம்பரா வீட்டுக்காரர். அழகுமுத்துவுக்குத் தூரத்து மாமன் முறை. வாலிபர்கள் கயிற்றை இழுத்து இழுத்து விட்டார்கள். முளைகள் வெண்ணெயில் கத்தி போல் இறங்கின. விரல் நசுங்காமல் வேலை நடப்பதைப் பார்த்த சந்தோஷத்தில் யாரும் நிறுத்தவில்லை. கயிறு கட்டப் போகும்போதுதான் தெரிந்தது, முளைகள் தலையோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விட்டன. கட்டவும் இடமில்லை, கவ்விப் பிடுங்கவும் தலையில்லை.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கயிற்றுக்கு ஓர் ஆளாகக் கூடாரத்தைச் சுற்றி நின்று பிடித்துக்கொண்டார்கள். காற்று அதிகமாக அடிக்கிற மூலைக்குப் பலசாலி ஒருவர் தேவைப்பட்டது. லயத்தில் பலசாலி பொன்னையா கங்காணிதான். பந்தலுக்கு முதுகைக் காட்டி, காலை மண்ணில் ஊன்றி, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றார். கெட்டிமேளம் கேட்டது. திரும்பினால் கூடாரம் போய்விடும். மகள் கழுத்தில் தாலி ஏறியதை லயமே பார்த்தது, பெற்றவர் பார்க்கவில்லை.

அழகுமுத்து அன்றிரவே குண்டுக்குக் கீழே ஒரு மரவளையம் வைத்தான். முளையின் தலை நான்கு விரல் வெளியே நிற்கும்போது குண்டு வளையத்தில் தட்டி நின்றுவிடும். அதற்குப் பிறகு மிஷின் தப்பே செய்யவில்லை. பொகவந்தலாவை வரைக்கும் கலியாணங்களுக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் மூன்று காலும் குண்டுமாக அவன் ஏறினால் கண்டக்டர் முகம் சுளிப்பான். ஒரு தடவை பொலிஸ்காரர் ஒருவர் பஸ்ஸை நிறுத்தி, "மே மொகத்த?" என்று இது என்னவெனச் சிங்களத்தில் கேட்டு மிரட்டினார். இவன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கி, அது போதாமல் ரோட்டோரத்தில் மிஷினை விரித்து ஒரு முளையை அடித்தும் பிடுங்கியும் காட்டினான். பொலிஸ்காரர் தானும் ஒன்று அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸை விட்டார்.

ஊரெல்லாம் மெச்சியும் ஒருவர் மட்டும் மசியவில்லை. அந்தக் கங்காணியின் இளைய மகள்தான் பூரணி. அழகுமுத்துவுக்கு அவள்மேல் உயிர். அவளுக்கும் அப்படித்தான், ஆனால் அவள் அதைச் சுற்றி வளைக்கவில்லை. பீலியில் தண்ணி பிடிக்கும்போது நேராகவே சொன்னாள்:

"எங்கப்பாவுக்கு மிஷினத்தான் புடிக்காது மச்சான். ஒங்களப் புடிக்காதுன்னு அவரு சொல்லலியே. போயிப் பொண்ணு கேளுங்க."

பேச்சியம்மா மகனையும் கூட்டிக்கொண்டு தாம்பூலத் தட்டோடு போனாள். கங்காணி தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு அழகுமுத்துவைப் பார்த்துச் சொன்னார்:

"பொண்ணக் குடுக்கிறேன். ஆனா ஒன்னு. ஒரு மக கழுத்துல தாலி ஏறுறத ஒன் மிஷினால பாக்காமப் போயிட்டேன். இவ கலியாணத்துல அந்தச் சனியன் பந்தல் பக்கம் வந்துச்சுன்னா, மணவறையில இருந்து என் மகளக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். சொல்லிப்புட்டேன்."

"சத்தியமா வராதுங்க மாமா" என்றான் அழகுமுத்து. பூரணி கிடைத்தாள், ஆனால் கூடாரம் யார் கையில் நிற்கப்போகிறது?

நாள் பார்த்ததில் ஆனிக் கடைசிதான் அமைந்தது. விட்டால் ஆடி, ஆடியில் கலியாணம் கிடையாது. ஆனியில் அந்த மேட்டில் அடிக்கிற காற்று ஆட்டையே தூக்கும். அதற்குப் பயந்துதான் மேல் லயத்தார் முகூர்த்தக்காலைக்கூட இடுப்பளவுக்கு மேல் வைப்பதில்லை. முள்முருங்கைக் கொம்பின் அடியைக் கூராகச் சீவி, மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி, அலவாங்கு என்கிற கடப்பாரையால் குழி தோண்டி, பால் ஊற்றி ஊன்றினார்கள். தாலி ஏறி மூன்றாம் நாள்வரை அந்தக் கால் அசையக் கூடாது. அசைந்தால் அந்த முகூர்த்தம் போயிற்று.

கூடாரம் போடுகிற பொறுப்பை அழகுமுத்துவின் கூட்டாளி சின்னத்தம்பி ஏற்றான். மாப்பிள்ளைக்குக் கையில் காப்புக் கட்டியாயிற்று, இனி அவன் ஒரு வேலையும் தொடக் கூடாது. காம்பராவுக்குள் உட்கார்ந்து சம்மட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். சத்தத்தை வைத்தே அவனுக்கு எல்லாம் தெரிந்தது.

"அம்மா, அந்த முளை கோணலா எறங்குது. போயிச் சொல்லும்மா."

"வாய மூடிக்கிட்டு இரு. மாப்புள்ளையா லச்சணமா இரு."

"ஐயோ, இது பாதிகூட எறங்கலியே!"

அடுத்த சத்தம் யாரோ "அம்மாடி" என்று கத்தியது. அதற்குப் பிறகு சின்னத்தம்பியும் விரலில் துணி சுற்றிக்கொண்டான்.

காலையில் மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையில் உட்கார்ந்தார்கள். பூசாரி மந்திரத்தை ஆரம்பிக்கவும் காற்று கிளம்பவும் சரியாக இருந்தது. கூடாரம் ஒரு தடவை மூச்சிழுத்தது. ஒரு முளை பறந்தது, பிறகு இன்னொன்று. ஒரு மூலையில் முளையே இல்லாமல் போக, அங்கே நின்ற கிழவர் ஒருவர் அவசரத்தில் கயிற்றைக் கையில் அகப்பட்ட முகூர்த்தக்காலில் கட்டிவிட்டார். கூடாரத் துணியின் ஓரம் சரிந்து விழுந்து மாவிலையை மூடிவிட்டது.

சின்னத்தம்பி பார்த்தான். கூட்டாளியின் கலியாணம் கண்முன்னே பறந்துகொண்டிருந்தது. வாக்குக் கொடுத்தவன் அழகுமுத்துதானே, தான் இல்லையே என்று ஒரு நியாயம் அவனுக்குத் தோன்றியது. ஸ்டோருக்கு ஓடினான். மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து பந்தலுக்குப் பின்பக்கமாக ஒதுங்கினான். கோணல் முளைகளைப் பிடுங்கித் திரும்ப அடிப்பது என்று திட்டம். கயிறு போகிற போக்கிலேயே போய், கயிறு கட்டியிருந்ததையெல்லாம் கவ்வியில் மாட்டிச் சுற்றினான்.

மணவறையில் அழகுமுத்து கையில் தாலியோடு இருந்தான். திருகாணி கிறீச்சிடுகிற சத்தம் அவன் காதில் விழுந்தது. பெற்ற பிள்ளையின் அழுகையைத் தாய் அறிகிற மாதிரி அவன் அதை அறிந்தான். கேட்காதவனைப் போல் முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தான். ஆனால் அதே நேரம் கூடாரத் துணி காற்றில் விலகியது. முகூர்த்தக்கால், மஞ்சள் துணியும் மாவிலையுமாக, எல்லோரும் பார்க்கப் பார்க்க மெல்ல எழும்பிக் கவ்வியில் தொங்கியது.

மேளம் நின்றது. பூசாரியின் வாய் திறந்தபடி நின்றது. சின்னத்தம்பி கைப்பிடியை விடாமல் நின்றான், விட்டால் கால் கீழே விழுந்துவிடுமே என்று.

பொன்னையா கங்காணி எழுந்தார்.

"பூரணி, எந்திரி."

"மாமா..." என்றான் அழகுமுத்து.

பூரணி எழுந்திருக்கவில்லை. தலையில் பூவும் முகத்தில் மஞ்சளுமாக, உட்கார்ந்த இடத்திலிருந்தே பூசாரியைக் கேட்டாள். "ஐயா, முகூர்த்தம் முடிஞ்சிருச்சுங்களா?"

பூசாரி வானத்தைப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் இருக்கும்மா. அதுக்குள்ள காலத் திரும்ப ஊண்டி, பொண்ணுக்குத் தகப்பன் கையால பால ஊத்துனா தோசமில்ல. ஆனா குழி தூந்து போச்சே. அலவாங்கு போட்டுத் தோண்டுறதுக்குள்ள நேரம் போயிரும். அப்புறம் ஆவணிதான்."

எல்லோரும் மிஷினைப் பார்த்தார்கள். பிறகு கங்காணியைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"அப்பா" என்றாள் பூரணி. "அக்கா கலியாணத்துல நீங்க கயித்தப் புடிச்சீங்க, தாலியப் பாக்கல. இன்னைக்கு என்னையக் கூட்டிக்கிட்டுப் போனீங்கன்னா இந்தத் தாலியையும் பாக்க மாட்டீங்க. ஒங்க இஷ்டம்."

கங்காணியின் மீசை துடித்தது. துண்டை உதறி இடுப்பில் கட்டினார். பின்பக்கம் போய்ச் சின்னத்தம்பியைத் தள்ளிவிட்டார்.

"டேய் மாப்புள்ள! இதுல எந்தக் கயித்தடா இழுக்கிறது?"

அழகுமுத்து மணவறையிலிருந்தே கத்தினான். "திருகாணியக் கழட்டிட்டுக் குண்ட மாட்டச் சொல்லுங்க மாமா! நேரா இழுத்து, சட்டுன்னு விடணும்!"

சின்னத்தம்பி கொம்பைக் குழியில் நிறுத்திக் குண்டை மாட்டினான். கங்காணி இழுத்து விட்டார். டங்! ஒரே அடியில் அரைச் சாண் இறங்கியது. கங்காணி கொம்பைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். மறுபடி இழுத்தார். டங்! மூன்றாவது அடியில் அவர் முகம் மாறிவிட்டது. நாலாவதில் பல் தெரிந்தது.

"போதும் மாமா!"

"நீ சும்மா இரு!"

மரவளையம் முளைக்குச் செய்தது, கொம்புக்கு அது எட்டவில்லை. நிறுத்த வழியில்லை. வெள்ளைக்காரத் துரைமேல் இருந்த கோபம், மூத்த மகள் கலியாணத்துக் கோபம், இடுப்பில் கயிறு அறுத்த தழும்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கங்காணி அடித்தார். பூசாரி ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோது முகூர்த்தக்கால் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. கங்காணி மூச்சு வாங்கிக்கொண்டே பாலை ஊற்றினார். பிறகு ஓடிவந்து, மணவறைக்கு முன்னால் எல்லோரையும் விலக்கிக்கொண்டு நின்றார். கெட்டிமேளம் கொட்டியது. அழகுமுத்து தாலி கட்டினான். கங்காணி கண் கொட்டாமல் பார்த்தார். மூத்தவளுக்கும் சேர்த்து அழுதார்.

சின்னத்தம்பி மீதி முளைகளை அடித்து முடித்துவிட்டான். கூடாரம் அசையாமல் நின்றது.

மூன்றாம் நாள் முகூர்த்தக்காலைப் பிடுங்க ஆட்கள் வந்தார்கள். அழகுமுத்து மிஷினை விரித்துத் திருகாணியை மாட்டினான். கவ்விக்குத் தலை அகப்படவில்லை. குண்டு விழுந்து விழுந்து கொம்பின் தலை நசுங்கிப் போயிருந்தது. அவன் கண்கள் மின்னின. "இதுக்கு வேற மாதிரி ஒரு கவ்வி செஞ்சிரலாம்" என்று குந்தி உட்கார்ந்து அளவெடுக்க ஆரம்பித்தான்.

பூரணி வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"கால் இருக்கிற வரைக்கும் கலியாணம் முடியலன்னுதானே பெரியவங்க சொல்றாங்க?"

"ஆமா."

"அப்ப முடிய வேணாம் மச்சான்."

அழகுமுத்து அளவெடுத்த கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அப்படி ஒரு மிஷின் செய்ய அவனுக்கு அரை நாள் போதும். ஆனால் அவன் அதைச் செய்யவே இல்லை. அவனுடைய ஆயுளில், வழி தெரிந்தும் செய்யாமல் விட்ட மிஷின் அது ஒன்றுதான்.