முல்லைத்தீவுக்குப் போன ‘நாங்கள்’

காலை ஆறு பத்துக்கு முரசுமோட்டையில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். இரண்டு வருடங்களாக இந்த பஸ்ஸுக்குக் கை காட்டுகிறேன். ஏறியது இதுதான் முதல் தடவை. மற்ற நாட்களில் ஏறுவது என் மா மூட்டைகள்: வறுத்த சிவப்பரிசி மா, குரக்கன் மா. சாக்கில் முகவரி எழுதி நடத்துநரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

“தங்கச்சி, இண்டைக்கு மூட்டை இல்லையோ?” என்றார் நடத்துநர்.

“இண்டைக்கு நான்தான் மூட்டை.”

கட்டணம் இருநூற்றுப் பத்து ரூபாய். தூரம் ஏறக்குறைய நாற்பத்தெட்டு கிலோமீற்றர். மிச்சக் காசைத் தந்தபடி, உங்கள் கம்பனியில் எத்தனை பேர் வேலை என்று கேட்டார். நான் ஒருத்திதான் என்றேன். அவர் நம்பவில்லை.

“நான் உங்களை அங்க வேலை செய்யிற பிள்ளை எண்டெல்லோ நினைச்சன். அப்ப முதலாளி ஆர்?”

“அதுவும் நான்தான்.”

“அப்ப லீவு கேட்டா ஏசுறதும் நீங்கள்தான்” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

சிரித்தேன். ஆனால் நான் அன்று புறப்பட்டது தொழிலையே விடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வர.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பதும் பதில் எழுதுவதும் பதினொரு வயதிலிருந்து என் பொறுப்பு. பிழையில்லாத தமிழ் என் சொத்து என்று நினைத்து வளர்ந்தவள். படிப்பு முடிந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, அரைக்கும் இயந்திரம் வாங்கித் தொழில் தொடங்கியபோது ஊர் வியந்தது. நானும்தான்.

தொழில் நன்றாகவே போகிறது. பகல்தான் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் விடியமுன் வயலுக்குப் போய்விடுவார்கள். இயந்திரத்தை நிறுத்தியதும் வரும் அமைதியில், என் குரல் இன்னும் இருக்கிறதா என்று சில நாள் எதையாவது சொல்லிப் பார்த்திருக்கிறேன். கூடப் படித்தவர்கள் அழைத்தபோதெல்லாம் வேலை இருக்கிறது என்றேன். அவர்களும் அழைப்பதை விட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில் வவுனியாவில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். என்னை இழுத்தது சம்பளம் அல்ல. நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று பத்து மணிக்கு, எட்டுப் பேர் கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு தேநீர் குடித்ததைப் பார்த்தேன். அதுதான்.

நிறுத்தப்போவதை எல்லோருக்கும் செய்தியாக அனுப்பலாம். ஆனால் முல்லைத்தீவில் சாப்பாட்டுக்கடை நடத்தும் ரிஸானா அக்காவுக்கு அனுப்பக் கை வரவில்லை. தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் வாங்குபவர். முகம் பார்த்ததில்லை. நேரே போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று பட்டது.

தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. வயல்கள் குறைந்து பனைகள் கூடின. ஏழு நாற்பதுக்கு பஸ் வட்டுவாகல் பாலத்தில் மெல்ல ஊர்ந்தது. நீர் மட்டத்துக்குச் சற்று மேலே கிடக்கும் ஒடுங்கிய பாலம். யன்னலால் பார்த்தால் தெருவே தெரியாது. இருபக்கமும் நீர், நீரில் வானம், நடுவில் நாங்கள். வாழ்நாள் முழுவதும் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தும் இப்படி ஒரு வெளிச்சம் இங்கே இருப்பது எனக்குத் தெரியாது. போரின் கடைசி நாட்களில் சனம் கடந்து வந்த இந்த நீரைப் பற்றி அப்பா ஒருபோதும் கதைத்ததில்லை. பஸ்ஸிலும் அந்த ஐந்து நிமிடம் யாரும் கதைக்கவில்லை.

ரிஸானா அக்காவுக்கு நாற்பது வயது இருக்கலாம். கடை வாசலில் நின்று என் பெயரைச் சொன்னேன். என் பின்னால் எட்டிப் பார்த்தார். “மற்ற ஆக்கள் எங்க?” என்றார். வேறு யாரும் இல்லை என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மீன் வாங்கப் போகிறேன், வாங்கோ என்று கூடையை எடுத்தார்.

கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டும் தொலைவில் மிதவைகள் வில்லாக வளைந்து கிடந்தன. அந்த வில்லின் இரு முனைகளிலிருந்தும் கயிறுகள் கரைக்கு வந்தன. கயிற்றுக்கு இருபது பேரளவில், குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்தார்கள். பின்முனைக்கு வந்தவர் கயிற்றை விட்டுவிட்டு, ஓடிப்போய் நீர் விளிம்பில் முதல் ஆளாகப் பிடித்தார். அடுத்தவரும் அப்படியே. கடைசி ஆள் என்று அங்கே ஒருவரும் நிலையாக இல்லை. கடலையே கரைக்கு நடத்தி வருவதுபோல் இருந்தது. நான் வாய் திறந்து நின்றேன்.

ரிஸானா அக்கா கூடையை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். மீன் வாங்க வருபவர்களும் கொஞ்சம் இழுப்பது அங்கே முறையாம். நான் காற்சட்டை மடிக்கத் தயங்கியதைக் கண்டு, கயிற்றில் நின்ற ஒருவர், படிச்ச பிள்ளை கணக்கெடுக்க வந்திருக்குதோ என்று கேட்டார். அதற்குமேல் நிற்க முடியவில்லை. பிடித்தேன். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஆனால் அதற்குள் இருபது பேரின் இழுப்பு இருந்ததை என் தோள் அறிந்தது.

“சின்ன வயசில எங்கட ஆக்களை இஞ்ச இருந்து வெளியேற்றினவை. புத்தளத்தில இருந்து திரும்பி வந்த நேரம் எனக்கு இஞ்ச ஒருத்தரையும் தெரியாது” என்றார் ரிஸானா அக்கா, இழுத்தபடியே. “விலை கேட்டுக்கொண்டு தள்ளி நிண்டன். ஒருத்தரும் கதைக்கேல்ல. கயிறைப் பிடிச்ச அண்டைக்குத்தான் எந்த ஊர் எண்டு கேட்டவை.”

வலையின் மடி கரையேறியபோது உள்ளே வெள்ளி துள்ளியது. சூடையும் காரலும். என் பங்கு என்று ஒரு கைப்பிடி மீனைப் பையில் போட்டார்கள். நான் வாங்கிய பட்டத்துக்குக்கூட அப்படிப் பூரித்ததில்லை.

பதினொரு மணிக்குக் கடையில் தேநீர். அப்போதுதான் வந்த விடயத்தைச் சொன்னேன். மாத முடிவோடு நிறுத்துகிறேன், தனியே இருந்து முடியவில்லை என்றேன். அவர் தன் போனை எடுத்து, பழைய செய்தியொன்றைத் தேடி என் முன் வைத்தார்.

அவர் எழுதியிருந்தார்: ‘இஞ்ச ரெண்டு நாளா மழை. கடைக்கு ஒருத்தரும் வரேல்ல. அங்கயும் மழையோ?’

கீழே என் பதில்: ‘தங்கள் தகவலுக்கு நன்றி. நாங்கள் தங்களை மிகவும் மதிக்கின்றோம்.’

“பெரிய கம்பனி எண்டு நினைச்சன்” என்றார். “பிறகு, அங்க ஆக்களே இல்லை, மிசின்தான் பதில் போடுது எண்டு நினைச்சன். மிசினோட என்னத்தைக் கதைக்கிறது, தங்கச்சி?”

அந்த மழை எனக்கு நினைவிருந்தது. முரசுமோட்டையிலும் அதே இரண்டு நாள். வாய்க்கால் நிரம்பி ஓட, கொட்டில் கூரையால் ஒழுகும் நீரைப் பார்த்துக்கொண்டு, கதைக்க ஆளில்லை என்று இருந்தேன். ‘ஓம்’ என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். அழகாக எழுதி அனுப்பினேன். என் எல்லாச் செய்திகளும் அப்படித்தான். ஒருத்தி மட்டும் இருப்பது தெரிந்தால் மதிக்கமாட்டார்கள் என்று எல்லாவற்றிலும் ‘நாங்கள்’.

“நிப்பாட்டுறது உங்கட விருப்பம்” என்றார் அவர். “ஆனா நீங்கள் இன்னும் எங்களோட தொடங்கவே இல்லையே.”

இரண்டரை மணி பஸ்ஸில் திரும்பினேன். இனி மாதம் ஒருமுறை மூட்டையோடு நானும் வருவேன் என்றதற்கு நடத்துநர், அப்படியென்றால் மூட்டைக்குத்தான் யன்னல் இருக்கை என்றார். பாலத்தில் ஏறும்போது போனில் செய்தி வந்தது. எங்கே நிற்கிறேன் என்று ரிஸானா அக்கா கேட்டிருந்தார். ‘நாங்கள் பாதுகாப்பாக’ என்று தொடங்கி, அழித்தேன். ‘பாலத்தில நிக்கிறன் அக்கா. கொக்கு கனக்க நிக்குது. கை எரியுது’ என்று எழுதினேன். அச்சில் வரமுடியாத தமிழ். மறுகணமே பதில் வந்தது: ‘தேங்காய் எண்ணெய் பூசுங்கோ.’

திங்கட்கிழமை வவுனியாவுக்கு, வேலையை ஏற்க முடியாமைக்கு வருந்திக் கடிதம் எழுதினேன். பழக்கத்தில் ஓரிடத்தில் கை தவறிவிட்டது: ‘எமது தொழிலை நாங்கள் தொடர்ந்து நடத்துவோம்.’ வெட்டப் போனேன். உள்ளங்கையில் கயிற்றுத் தடம் இன்னும் ஆறவில்லை. அப்படியே விட்டுவிட்டு உறையை ஒட்டினேன்.