இருமுறை திருத்திய வானம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பெண் வானத்தை அளக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? தினேஸ்வரியின் அம்மா மங்களமே நம்பவில்லை. "கண்ணாடி போட்டும் பஸ் நம்பர் தெரியல, நீ வானத்த அளக்கப் போறியா?" என்று சிரித்தார். அளக்கத்தான் செய்தாள். காம்பார் நகரில் ஒரு சிறிய ஆய்வுக்குழுவில் ஒப்பந்த வேலை.

விண்மீன் மண்டலங்கள் எங்கே கூடி நிற்கின்றன, எங்கே விலகி நிற்கின்றன என்று கணக்கிடுவார்கள். வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்றின் தரவுதான் மூலம். அதில் ஒரு தொல்லை. ஒவ்வொரு மண்டலத்தின் ஒளியையும் பிடிக்கத் தொலைநோக்கியில் ஒரு கண்ணாடி இழை வேண்டும். இரண்டு மண்டலங்கள் ஒட்டினாற்போல் தெரிந்தால் இழைகள் இடித்துக்கொள்ளும். ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான். ஆக, கூட்டமான இடத்தில்தான் தலைக்கணக்கு குறையும்! விடுபட்டதன் பங்கைப் பக்கத்து மண்டலத்தின்மேல் ஏற்றிச் சரிக்கட்டுவது தினேஸ்வரியின் பொறுப்பு.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்து அதைச் செய்தாள். அடேயப்பா! யாரும் எதிர்பாராத அளவுக்கு மண்டலங்கள் நெருக்கியடித்து நின்றன. குழுத்தலைவர் டாக்டர் பத்துமலைக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை கட்டுரையை அனுப்புவதென்று முடிவாயிற்று. அது வெளிவந்தால்தான் தினேஸ்வரியின் ஒப்பந்தமும் நீளும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நூருல் வந்து நின்றாள். ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்களின் மகள், அதே குழுவில் வேலை. முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, நீங்க லீவுல போனப்ப ஒங்க வேலைய நான் பாத்துட்டேன். விட்டுப்போனத ஏத்தி வெச்சேன். நீங்க மறுபடியும் ஏத்திட்டீங்க போல."

தீபாவளிக்கு இவள் வேலையை அவளும், ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கு அவள் வேலையை இவளும் சொல்லாமலே இழுத்துப்போட்டுச் செய்வது அங்கே வழக்கம். அந்த நல்ல மனசுதான் வானத்தையே குழப்பிவிட்டது.

"சொல்லித் தொலைக்கக் கூடாதா லா? என் பொழப்பே போச்சு!" என்று கத்தினாள் தினேஸ்வரி. ஒரு திருத்தத்தை நீக்கிப் பார்த்தாள். அதிசயம் புஸ்ஸென்று போயிற்று. மற்ற நாட்டார் கண்ட அதே கணக்கு. கோபம் அடங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. நூருல் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது.

இருவரும் டாக்டரிடம் போனார்கள்.

"தப்பு என்னுதுதான் சார். சொல்லாம செஞ்சிட்டேன்," என்றாள் நூருல்.

"நானும் கேக்கல சார்," என்றாள் தினேஸ்வரி.

டாக்டர் கட்டுரையை நிறுத்தினார். ஆண்டு முடிவில் ஒப்பந்தமும் முடிந்தது. தினேஸ்வரி இப்போது ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் உதிரிப்பாகங்களின் அளவைச் சரிபார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் நூருல் வீட்டில்தான் சாப்பாடு.

"அவளாலதானே ஒன் வேல போச்சு?" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார்.

"வாயக் கழுவும்மா! அவ சொல்லலன்னா எம்பேரப் போட்டு ஒலகத்துக்கே பொய் சொல்லியிருப்பேன். வேல வேற கெடைச்சிருச்சு. நூருல் மாதிரி இன்னொருத்தி எனக்கு எங்க கெடைப்பா?"