இரும்பைக் கேட்ட எஸ்தர் டீச்சர்

எஸ்தர் டீச்சர் போய்விட்டார் என்ற செய்தியைக் காய்க்காரம்மாதான் எனக்குச் சொன்னார். தேனி உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "என்ன டீச்சர், இன்னும் போடிக்குக் கிளம்பலையா? எஸ்தர் டீச்சர் விடியக்கால போயிட்டாகளாம்ல. நெஞ்சுவலின்னு சொன்னாக" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டேன். அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குத் தெரியாதது இந்த அம்மாவுக்கு எப்படி முதலில் தெரிந்தது?

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் பொறாமை. 'இருந்தது' என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

தொண்ணூற்றாறில் அவர் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். நான் வரலாறு, அவர் புவியியல். போடி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். அப்போதே நான் ஒரு விஷயத்தைப் பிடித்து வைத்திருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கு என்றால் நெல், திராட்சை, ஏலக்காய் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் மலையடிவாரத்தில் இரும்பு உருக்கினார்கள், ஓடை மணலை அரித்துப் பொன் எடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அந்தச் சரித்திரத்தை நான்தான் எழுதுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எஸ்தர் டீச்சர் ஒருநாள் டிபன் டப்பாவைத் திறந்தபடியே, "நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டார். சரி, தங்கம் எனக்கு, இரும்பு உங்களுக்கு என்று பங்கு பிரித்தேன். "கடையில எடை போட்டது பத்தாதா டீச்சர், திரும்பவும் இரும்பா?" என்று சீண்டினேன். "பொறந்த வீட்டுச் சரக்கு. விட்டுக்குடுக்க முடியுமா?" என்று சிரித்தார்.

தேவாரத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய முன்னோர்கள் ஓடையில் பொன் அரித்தவர்கள் என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை தவறாமல் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாற்காலி போடுவார், காப்பி தருவார். பொன் என்று வாயெடுத்தால், "அதெல்லாம் அந்தக் காலம் டீச்சர். எங்களுக்கு என்ன தெரியும்?" என்று முடித்துவிடுவார். பேச்சுத்துணைக்கு ஆகட்டும் என்று ஒரு தடவை எஸ்தர் டீச்சரைக் கூட்டிப் போனேன். அவர் பொன்னைப் பற்றி மூச்சே விடவில்லை. சுவர் மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையைத் தூக்கிப் பார்த்து, "இது எங்கன அடிச்சது ஐயா? இப்ப வர்ற இரும்பு இல்லையே" என்றார்.

பெரியவர் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஆகிவிட்டது. கடப்பாரையில் தொடங்கிய பேச்சு அதை வைத்துத் தோண்டிய குழிக்குப் போனது. குழியிலிருந்து மணலுக்கு வந்தது. மழை வெள்ளம் வடிந்த பிறகு ஓடை திரும்புகிற இடத்தில் கருமணல் படியும், அதற்கு அடியில்தான் பொன்துகள் கிடக்கும் என்றார். பரணிலிருந்து அரிப்புத் தட்டையே இறக்கிவிட்டார். அப்படியொரு மரத்தட்டு அந்த வீட்டில் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. "நீ கேட்டதால சொல்றேன் ஆத்தா" என்று வேறு சொன்னார். நான் என்ன, சுண்டலுக்கா அத்தனை சனிக்கிழமை நடந்தேன்?

திரும்பும்போது பஸ்ஸில் அவர் சொன்னது அவரோடு பழகிய எல்லாருக்கும் பாடம். "தங்கத்தைக் கேட்டா யாரும் வாயைத் தெறக்க மாட்டாக டீச்சர். நம்மகிட்ட இருக்கான்னு துப்புப் பாக்க வந்திருக்காகளோன்னு பயம். இரும்பைக் கேளுங்க. தங்கம் பின்னாலயே வரும்." அதோடு விட்டாரா? கொய்யாப்பழத்தில் பாதியை என் கையில் வைத்து, "பாத்தீகளா, உங்க தங்கத்துக்கு மேல என் இரும்புதான் உக்காந்திருக்கு" என்றார். கருமணலில் இருப்பது இரும்புத்தாது. போடியில் அவர் இறங்கும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். கொய்யாப்பழத்தை மட்டும் தின்றுவிட்டேன்.

அடுத்தது என் சொந்த ஊரான ஓடைப்பட்டியில் நடந்தது. எங்கள் ஊர் எல்லையில் காவல்தெய்வமான கருப்புக்குக் கோவில் இருக்கிறது. அரிவாளுக்குப் பக்கத்தில் இடுப்பளவுக்குக் கருங்கற்கள் குவிந்து கிடக்கும். எங்கள் ஊர்ப் பெருமையைக் காட்டத்தான் அவரை அங்கே கூட்டிப் போனேன். ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்ததுமே, "இது கல்லு இல்ல டீச்சர், கிட்டம்!" என்றார். இரும்பை உருக்கும்போது கழிந்து இறுகிப் போகும் கசடுக்குக் கிட்டம் என்று பெயர். இவ்வளவு கிட்டம் கிடந்தால் உலையும் அங்கேதானே இருந்திருக்க வேண்டும்? மதுரையில் நடந்த ஒரு கருத்தரங்கில் படம் போட்டு அதைப் பேசினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. என் ஊர், என் கோவில், பேசியது அவர். நானும் கைதட்டினேன், வலிக்கிற மாதிரி.

தை மாதம் கருப்புக்குப் படையல் என்று என் தம்பி எங்கள் இருவரையும் அழைத்திருந்தான். பொங்கல் பானை பொங்குகிற நேரம். ஒருவர் வயலிலிருந்து நேராக வந்து, துண்டில் முடிந்திருந்த கிட்டத்தை எடுத்துக் குவியல்மேல் வைத்துக் கும்பிட்டார். "எங்கருந்துண்ணே கொண்டுவர்றீக?" என்று கேட்டார் எஸ்தர் டீச்சர்.

"உழுகையில கொழுவுல மாட்டுச்சும்மா. இதை நிலத்துலயும் விடக்கூடாது, வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது. கருப்புக்குத்தான் குடுக்கணும். பாட்டன் பூட்டன் காலத்துலருந்து இப்படித்தான."

எஸ்தர் டீச்சர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "டீச்சர், இங்கன உலையே கிடையாது! ஊரே தூக்கிட்டு வந்து போட்டிருக்கு!" பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்த வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கும் அது உறைத்திருக்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் இனித்தது. அப்பாடா, எஸ்தருக்கும் சறுக்கியது.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. மறுவருஷம் அதே கருத்தரங்கில் மேடையேறி, தான் ஏமாந்த கதையை அவரே சொன்னார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. முதல் வருஷத்தைவிடப் பெரிய கைதட்டல். நான் சரியாகப் பேசி வாங்காத பேரை அவர் தப்பாகப் பேசி வாங்கினார்.

பிறகு அவர் ஓடைப்பட்டியில் வீடு வீடாக ஏறி இறங்கினார். உங்கள் வீட்டிலிருந்து கருப்புக்குக் கொடுத்த கிட்டம் எந்த நிலத்தில் கிடைத்தது என்பதுதான் ஒரே கேள்வி. என்னைக் கண்டால் "எப்ப வந்த, எப்பப் போற?" என்பதற்குமேல் பேசாத சனங்கள், அவரிடம் நான் நீ என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். எங்கள் களத்தில் சாக்பீஸால் நிலங்களை வரைந்து, கிடைத்த இடங்களிலெல்லாம் புள்ளி வைத்தார். புள்ளிகள் ஓடைக்கரையை ஒட்டிய ஒரே நிலத்தைச் சுற்றி நெருங்கின. அது என் அப்பாவின் நிலம். இப்போது தம்பியின் திராட்சைத் தோட்டம்.

பந்தலுக்கு வெளியே வரப்போரம் உடைந்த மண்குழாய்த் துண்டுகள் கிடந்தன. சின்னவயதில் நான் அவற்றை நட்டுவைத்து அடுப்பு என்று சோறாக்கி விளையாடியிருக்கிறேன். அவை துருத்தியிலிருந்து உலைக்குள் காற்றுப் போன குழாய்கள். எஸ்தர் டீச்சர்தான் முதலில் பார்த்தார். ஆனால் குனியவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நீங்க எடுங்க டீச்சர். உங்க நிலம்" என்று தள்ளி நின்றுகொண்டார். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் 'சுந்தரி டீச்சர் கண்டுபிடித்த உலை' என்று என் பேரைத்தான் சொன்னார். பிடுங்கிக்கொண்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். கொடுத்துவிட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அப்படியும் ஊர் வாய் மாறவில்லை. ஓடைப்பட்டிக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி, நான் பிறந்த தெருவிலேயே என்னை நிறுத்தி, "நீங்க எஸ்தர் டீச்சர் கூட வருவீகளே, அவுகதான?" என்று கேட்டாள்.

அடக்கத்துக்கு ஓடைப்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் துண்டிலும் ஒரு முடிச்சு. ஜெபம் முடிந்து மண் தள்ளியதும் முடிச்சை அவிழ்த்து, அவரவர் நிலத்துக் கிட்டத்தை ஈரமண்மேல் வைத்தார்கள். பாஸ்டர் ஒருகணம் தயங்கி டீச்சரின் கணவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். "டீச்சரு தேடுனது. அவுககிட்டயே இருக்கட்டும்" என்றார் ஒருவர். கருப்பைத் தவிர வேறு யாருக்கும் எங்கள் ஊர் கிட்டம் கொடுத்ததில்லை. என் தம்பி ஒரு துண்டை என் கையில் திணித்தான். "நம்ம நிலத்துது, அக்கா. நீதான் வைக்கணும்."

அந்தக் கருங்குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பல நூறு வருஷம் கழித்து எவளோ ஒரு டீச்சர் இங்கே வருவாள், ஒன்றைத் தூக்கிப் பார்ப்பாள், போடி கல்லறைத் தோட்டத்தில் இரும்பு உலை இருந்தது என்று மேடையேறிப் பேசுவாள். கைதட்டுவார்கள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. விம்முகிறேன் என்று நினைத்து யாரோ தோளைப் பிடித்தார்கள். இதை உடனே சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் திரும்பினேன். கேட்டதும் மண்ணில் உட்கார்ந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள் மண்ணுக்குள் இருந்தார்.

அப்போதுதான் அழுதேன். சுற்றிலும், "எனக்கு டீச்சர்னா உசுரு", "எங்கிட்டதான் எல்லாம் சொல்லுவாக" என்று ஆளாளுக்குச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

தம்பி கொடுத்த கிட்டத்தை நான் வைக்கவில்லை. கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது ஜன்னலோரம் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது தெரியும். கருப்பு கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஊரே எஸ்தர் டீச்சருக்குக் கொடுத்துவிட்டது. அவரைத் தேட எனக்கும் ஒன்று வேண்டும்.